'பிபிஏ ஃப்ரீ' பாட்டில் வாங்கிட்டா போதுமா? ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனங்கள் பற்றி ஒரு விளக்கம்

வாட்டர் பாட்டில், டிபன் பாக்ஸ், குழந்தையின் பால் பாட்டில்... எதை வாங்கப் போனாலும் இப்போது ஒரு ஸ்டிக்கர் கண்ணில் படுகிறது: 'பிபிஏ ஃப்ரீ'. பிபிஏ என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட, 'ஏதோ கெட்டது இதுல இல்லையாம்' என்று கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து அதையே எடுத்து வருகிறார்கள்.

பிபிஏ என்பது பிஸ்பினால் ஏ என்ற ரசாயனத்தின் சுருக்கம். பாலிகார்பனேட் எனப்படும் கெட்டியான, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக்கைத் தயாரிக்க இது தேவை. நம் உடலின் ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனங்களில் அதிகம் ஆராயப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. அது இல்லாத பாட்டில் என்றால் நல்ல விஷயம்தானே? ஆமாம். ஆனால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைச் சேர்த்தார்கள் என்பதை ஸ்டிக்கர் சொல்வதில்லை. அது ஏன் முக்கியம் என்பதை ஓர் ஆய்வுக் குழுவின் எலிக்கூண்டுகள் ஒருமுறை அல்ல, இரண்டு முறை காட்டிக்கொடுத்தன.

எலிக்கூண்டு சொன்ன சேதி

1998 ஆகஸ்ட். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா ஹன்ட் என்ற மரபியல் ஆய்வாளர் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருந்த எலிகளில் வழக்கமாக 1-2% முட்டைகளில்தான் குரோமோசோம்கள் வரிசை தவறி நிற்கும். திடீரென அந்த அளவு 40% ஆனது.

எலிகளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. பிறகு எப்படி? தேடிப் பார்த்தபோது விஷயம் கூண்டு கழுவும் இடத்தில் இருந்தது. பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும், தவறுதலாக, காரமான வேறொரு சோப்புத் திரவத்தில் கழுவியிருந்தார்கள். பிளாஸ்டிக் அரித்து, அதிலிருந்து பிபிஏ கசிந்து எலிகளின் உடலுக்குள் போயிருந்தது. ஹன்ட் குழு அதே சேதத்தை வேண்டுமென்றே உண்டாக்கியும், பிபிஏவை நேரடியாகக் கொடுத்தும் பார்த்தது. அதே கோளாறு வந்தது. 2003-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் முடிவுகள் வெளியாயின.

அதோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஹன்ட் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். கூண்டுகளும் வேறு வகைப் பிளாஸ்டிக்குக்கு மாறின. ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, எலிகளிடம் மறுபடியும் விளக்க முடியாத மாற்றங்கள். சோதித்தால், சேதமான கூண்டுகளிலிருந்து கசிந்தது பிபிஎஸ், அதாவது பிஸ்பினால் எஸ். பிபிஏவுக்கு மாற்றாகப் பரவலாகப் பயன்படுத்தப்படும் அதன் பங்காளி. 2018-ல் வெளியான அந்த ஆய்வில், மாற்றாக வந்த பிஸ்பினால்களும் எலிகளின் முட்டை, விந்து உருவாக்கத்தைப் பாதிப்பது தெரிந்தது. ஆண் எலிகளில் அதன் தாக்கம் சில தலைமுறைகள் வரை நீடிக்கலாம் என்றும் அது எச்சரித்தது.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், பெயர் மாறினால் குணம் மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஹார்மோன்னா என்ன, இது அதை எப்படிக் குழப்புது?

தைராய்டு, கணையம், அட்ரீனல், சினைப்பை, விதைப்பை என்று உடலில் பல சுரப்பிகள் இருக்கின்றன. இவை ரத்தத்தில் அனுப்பும் தகவல்கள்தான் ஹார்மோன்கள். கூரியர் மாதிரி யோசித்துப் பாருங்கள். பார்சல் ஊர் முழுக்கச் சுற்றும். ஆனால் விலாசம் உள்ள வீட்டில்தான் இறங்கும். ஹார்மோனும் உடல் முழுக்கச் சுற்றும். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி உள்ள செல்லில் மட்டும்தான் வேலை செய்யும். 'வளர்', 'சர்க்கரையை உள்ளே எடு', 'முட்டையை வெளியே விடு' என்பதெல்லாம் இப்படிப் போகும் கட்டளைகள்தான்.

ஹார்மோன் குழப்பி ரசாயனங்கள் இந்த ஏற்பாட்டில் மூன்று விதமாக மூக்கை நுழைக்கின்றன.

முதலாவது, போலி வேஷம். பிபிஏ, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உட்கார வேண்டிய ஏற்பியில் தானே போய் உட்கார்ந்து, அதே கட்டளையைக் கொடுக்கும்.

இரண்டாவது, வழி மறிப்பு. டிடிடி பூச்சிக்கொல்லி உடலுக்குள் சிதைந்து உருவாகும் டிடிஇ, ஆண் ஹார்மோனுக்கான ஏற்பியை அடைத்துக்கொள்ளும். கட்டளை வரும், ஆனால் போய்ச் சேராது.

மூன்றாவது, உற்பத்தியிலேயே கை வைப்பது. பெர்குளோரேட் என்ற ரசாயனம் தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். மூலப்பொருள் இல்லாமல் ஹார்மோன் எப்படி உருவாகும்? சில தாலேட்டுகள் கருவிலிருக்கும் ஆண் எலிக்குட்டியில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே குறைத்துவிடுவது ஆய்வுகளில் பலமுறை உறுதியாகியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட 2012-ம் ஆண்டு அறிக்கை, இப்படிச் செய்வதாக அறியப்பட்ட அல்லது சந்தேகிக்கப்படும் ரசாயனங்கள் ஏறக்குறைய 800 இருப்பதாகச் சொன்னது.

கொஞ்சூண்டு தானே... அதனால என்ன?

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நமக்குப் பழகிய கணக்கு. அப்படியென்றால், அளவு குறைவாக இருந்தால் நஞ்சும் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். பல ரசாயனங்களுக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று அரசுகள் எல்லை வகுத்ததும் இந்தக் கணக்கில்தான்.

ஹார்மோன் விஷயத்தில் இது சரியாகப் பொருந்தாது. ஒரு கிராமை ஒரு லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு பிகோகிராம். மாதவிடாய் சுழற்சியில் உள்ள ஒரு பெண்ணின் ஒரு மில்லி ரத்தத்தில் ஈஸ்ட்ரடையால் ஹார்மோன் சில பத்து முதல் சில நூறு பிகோகிராம் வரைதான் இருக்கும். அந்தத் துளியளவு ஹார்மோன்தான் சுழற்சி முழுவதையும் நடத்துகிறது. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டைக் குழப்பப் பெரிய அளவு ரசாயனம் தேவையில்லை.

இன்னொன்று, நேரம். வளர்ந்த ஒருவரின் உடலில் சில நாட்கள் இருந்துவிட்டுப் போகும் மாற்றம், கருவில் இருக்கும் குழந்தைக்கு நிரந்தரமாகிவிடலாம். உறுப்புகள் உருவாகும் அந்தச் சில வாரங்கள் திரும்ப வருவதில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. மனிதர்களிடமே நடந்திருக்கிறது.

30 வருஷ மருந்து, மகள்களுக்கு வந்த நோய்

1938-ல் இங்கிலாந்தின் சார்லஸ் டாட்ஸ் குழு, டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கியது. சுருக்கமாக டிஇஎஸ். 1940-களிலிருந்து அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணிகளுக்கு இதை எழுதிக்கொடுத்தார்கள். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, இதனால் கருச்சிதைவு குறையவில்லை என்று காட்டியது. ஆனாலும் மருந்து நிற்கவில்லை.

1971-ல் பாஸ்டன் நகர மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழு, இளம்பெண்களிடம் மிக அரிதான ஒரு பிறப்புறுப்புப் புற்றுநோயைப் பற்றி எழுதியது. மொத்தம் 8 பேர். அவர்களில் 7 பேரின் அம்மாக்கள் கர்ப்ப காலத்தில் டிஇஎஸ் எடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது.

கவனியுங்கள்: மாத்திரை போட்டது அம்மா. அப்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. குழந்தையும் ஆரோக்கியமாகவே பிறந்தது. பாதிப்பு வெளியே தெரிய 15, 20 ஆண்டுகள் ஆயின. ஹார்மோன் குழப்பிகளைப் பற்றி விஞ்ஞானிகள் பதறுவதற்கு முக்கியக் காரணம் இந்த இடைவெளிதான்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. அதே சார்லஸ் டாட்ஸ்தான் 1936-ல், பிபிஏவும் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர். பிபிஏ பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக மாறியது 1950-களில். அதாவது, அதன் குணம் தெரிந்த பிறகுதான் அது நம் சமையலறைக்குள் வந்தது.

நம்ம பக்கத்துல நடந்தது

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசு நிறுவனத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்கள் மீது 1970-களின் பிற்பகுதியிலிருந்து சுமார் 20 ஆண்டுகள் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. தோட்டங்களுக்குக் கீழே ஊர்கள், ஓடைகள், கிணறுகள்.

அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அந்தப் பகுதிப் பள்ளி மாணவர்கள் 117 பேரையும், தெளிப்பு நடக்காத ஊரின் 90 பேரையும் ஒப்பிட்டார்கள். எல்லோரும் 10 முதல் 19 வயதுக்குள் உள்ள ஆண் பிள்ளைகள். எண்டோசல்ஃபான் பாதிப்புக்கு உள்ளான பிள்ளைகள் பருவமடைவது தாமதமாகியிருக்கலாம் என்றும், ஆண் ஹார்மோன் உற்பத்தி பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் 2003-ல் அந்த ஆய்வு சொன்னது. அதன் முறைகளைப் பற்றி விவாதங்கள் எழுந்தன. ஆனால், 2011 மே 13-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

தமிழ்நாட்டு ஆறுகளும் தப்பவில்லை. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில், கிருமிநாசினி சோப்புகளில் சேர்க்கப்படும் டிரைக்ளோசானும், அழகு சாதனங்களில் சேர்க்கப்படும் பாரபென்களும் இருப்பதை 2011-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. நாம் குளித்துவிட்டு விடும் தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்பதற்கு அதுதான் பதில்.

எங்கெல்லாம் இருக்கு?

பிஸ்பினால்கள்: பாலிகார்பனேட் பாட்டில்கள், பல 20 லிட்டர் தண்ணீர் கேன்கள், டின் உணவுகளின் உள்பூச்சு, கடையில் கொடுக்கும் வழுவழுப்பான தெர்மல் பில்.

தாலேட்டுகள்: வளையும் தன்மையுள்ள பிவிசி பொருட்கள், வாசனை சேர்த்த சென்ட், லோஷன், ஏர் ஃப்ரெஷ்னர்.

பிஃபாஸ்: எண்ணெய் ஒட்டாத உணவுப் பேப்பர், தண்ணீர் ஒட்டாத துணி. நான்-ஸ்டிக் பூச்சு தயாரிப்பிலும் இந்த வகை பயன்பட்டது. எளிதில் அழியாது.

பூச்சிக்கொல்லிகள்: தடை செய்யப்பட்ட பிறகும் மண்ணில் பல ஆண்டுகள் தங்கும் டிடிடி போன்றவை.

இது யாரோ ஒரு சிலருக்கான பிரச்னையும் இல்லை. அமெரிக்காவில் 2003-04-ல் 6 வயதுக்கு மேற்பட்ட 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது சுமார் 93% பேரிடம் பிபிஏ இருந்தது.

அப்போ எனக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணமா?

இங்கேதான் நிதானம் தேவை. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் சறுக்குவதும் இங்கேதான்.

டிஇஎஸ் போன்ற சிலவற்றில் காரணமும் விளைவும் உறுதியாகிவிட்டன. பிஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ, அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையைச் சுற்றியுள்ள ஊர்களின் குடிநீரில் கலந்தது. சுமார் 69,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து ஆராய்ந்த அறிவியல் குழு, தைராய்டு நோய், சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய் உள்ளிட்ட 6 பாதிப்புகளோடு அதற்குத் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று முடிவு சொன்னது.

சர்க்கரை நோய், பிசிஓஎஸ், விந்தணு குறைவு, சீக்கிரம் பருவமடைதல் போன்றவற்றில் நிலைமை வேறு. தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் நிறைய உண்டு. ஆனால் இவற்றுக்கு உணவு, உடல் எடை, பரம்பரை என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. உங்களுக்கு பிசிஓஎஸ் இருந்தால் 'டிபன் பாக்ஸ்தான் காரணம்' என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பிபிஏ உடலில் தங்காமல் ஏறக்குறைய ஒரே நாளில் வெளியேறிவிடும். அதனால் ஒருமுறை சிறுநீரைச் சோதித்தால் அன்றைய கதை மட்டும்தான் தெரியும்.

நிபுணர்களுக்கு இடையிலும் கருத்து வேறுபாடு உண்டு. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தினமும் உடலுக்குள் போகலாம் என்று தான் முன்பு அனுமதித்திருந்த பிபிஏ அளவை 20,000 மடங்கு குறைத்தது. 'அவ்வளவு குறைக்கத் தேவையில்லை' என்ற ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், அதைவிட 1,000 மடங்கு அதிகமான அளவைப் பரிந்துரைத்தது. ஆனால் ஒன்று: அந்த ஜெர்மன் அளவும் பழைய அளவைவிட 20 மடங்கு குறைவு. எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சண்டை, குறைக்க வேண்டும் என்பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ், குழந்தைகளின் பிளாஸ்டிக் பால் பாட்டில்களில் பிபிஏ கூடாது என்று 2015-ம் ஆண்டின் தர விதியில் சொன்னது. நல்ல தொடக்கம். ஆனால் அது ஒரு பொருளையும் ஒரு ரசாயனத்தையும் பற்றிய விதி. டிஇஎஸ் கதையை நினைத்துப் பாருங்கள்: குழந்தைக்கு ஆபத்து அதிகமான காலம், அது பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே, அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. அம்மா சாப்பிடும் பாத்திரத்தை பால் பாட்டில் விதி தொடாது.

ஐரோப்பிய ஒன்றியமும் 2011-ல் பால் பாட்டிலில்தான் தொடங்கியது. 2024 டிசம்பரில், உணவோடு தொடர்புள்ள பொருட்கள் எல்லாவற்றிலும் பிபிஏவைத் தடை செய்யும் முடிவை எடுத்தது. ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்ட மற்ற பிஸ்பினால்களையும் அதே விதிக்குள் கொண்டுவந்தது. ஒன்றைத் தடுத்தால் பங்காளி உள்ளே வரும் என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது. நமக்கும் தேவை அந்த மாதிரி விதிதான்.

நாம இப்போ என்ன செய்யலாம்?

கைவிட வேண்டியதில்லை. 2011-ல் அமெரிக்காவில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு 3 நாட்கள், பிளாஸ்டிக்கிலும் டின்னிலும் அடைக்காத புதிய உணவைக் கொடுத்தார்கள். அவர்களின் சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66% குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் மூன்றே நாளில் வித்தியாசம் தெரிந்தது.

* சூட்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்க்காதீர்கள். சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கில் உள்ளவை அதிகம் கசியும். ஹோட்டலில் சாம்பார், குழம்பு பார்சல் வாங்க எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவர், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் போன்ற 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

* மைக்ரோவேவில் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் மட்டும். 'மைக்ரோவேவ் சேஃப்' என்று போட்டிருந்தால் பாத்திரம் உருகாது என்று அர்த்தம்; எதுவும் கசியாது என்று அர்த்தம் இல்லை.

* கீறல் விழுந்த, மங்கிப்போன பிளாஸ்டிக் பாட்டிலை மாற்றுங்கள். புதிதாக வாங்கும்போது ஸ்டீல் அல்லது கண்ணாடி. வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போட வேண்டாம். சூடான உணவு படும் பொருளிலிருந்து தொடங்குங்கள்.

* தண்ணீர் கேன் வெயிலில் நிற்க வேண்டாம். வந்ததும் மண்பானைக்கோ எவர்சில்வர் குடத்துக்கோ மாற்றிவிடலாம்.

* தேவையில்லாத பில்லை வாங்காதீர்கள். கேஷ் கவுன்ட்டரில் நாள் முழுக்க பில் கிழிப்பவர்கள் சாப்பிடும் முன் கை கழுவுவது கட்டாயம்.

* வீட்டுக்குச் சாதாரண சோப்பே போதும். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிகளை வீட்டு உபயோக சோப்புகளில் சேர்க்க 2016-ல் அமெரிக்கா தடை விதித்தது. சாதாரண சோப்பைவிட அவை மேலானவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

* கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் மேலே சொன்னவற்றில் கூடுதல் கவனம் எடுக்கலாம். அதேநேரம், டாக்டர் கொடுத்த தைராய்டு, ஹார்மோன் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. 'டீடாக்ஸ்' பவுடர்களுக்குக் காசைக் கொட்டவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் ஆற்றுத் தண்ணீரையும் வயல் மண்ணையும் தனி ஆளாக நம்மால் சுத்தம் செய்ய முடியாது. 'பிபிஏ ஃப்ரீ' பார்த்து, கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வசதியும் எல்லா வீட்டுக்கும் இல்லை. எனவே கேள்வி கடைக்காரரோடு நிற்கக் கூடாது. உணவுப் பாத்திரத்தில் என்னென்ன ரசாயனம் சேர்த்திருக்கிறது என்பதை முழுசாக அச்சிட வேண்டும். மாற்றாக வரும் ரசாயனம் பாதுகாப்பானது என்பதை விற்பனைக்கு முன்பே நிறுவனம் காட்ட வேண்டும். அதைக் கேட்க வேண்டியது உணவுப் பாதுகாப்புத் துறையிடமும், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களிடமும்.